சாம்பலோடு நான் சேர்த்த சொல்

அந்த ஒரு வரி வசனத்தை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவர எனக்குத் தந்த நேரம் ஒரு கிழமை, ஏழு நாள். அதைக் கெடுக்க எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. யார் மேல் என்று கேட்டால், முதலில் அந்த விடுதி மேனேஜர் மேல். அவனை ஆற அமர உட்கார்ந்து திட்டத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். எழுத எழுதத் திட்டு வேறு பக்கம் திரும்புகிறது. நான் என்ன செய்ய?

நான் சுற்றுலா வழிகாட்டி. கண்டியில் ஸ்பானிஷ் தெரிந்த வழிகாட்டிகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பொம்பளை, அதிலும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவள் என்றால் என்னைத் தவிர வேறு ஆளை நான் கண்டதில்லை. “ஸ்பானிஷ் எங்க படிச்சீங்க?” என்று கேட்கிறவர்கள், பதிலை நம்பமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டுதான் கேட்பார்கள். டவுனில் ஒரு வகுப்பில் தொடங்கினேன். பிறகு பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டும், வந்த விருந்தாளிகளின் வாயைப் பார்த்துக்கொண்டும் படித்தேன். யாரும் எனக்கு அதைக் கரைத்துப் புகட்டவில்லை.

ஹுன்னஸ்கிரியப் பக்கம், நாங்கள் பிறந்த தோட்டத்துக்கு மேலே, ஒரு பழைய வெள்ளைக்காரத் தொரை பங்களா இருக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் அந்தக் கேட்டைத் தாண்டிப் போகத் தனியாக உத்தரவு வேண்டும். இப்போது அதை ஒரு கொழும்பு ஆள் எடுத்து, சுவரெல்லாம் வெள்ளையடித்து, தியான விடுதியாக நடத்துகிறார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பத்து நாள் வாய் பேசாமல் இருந்துவிட்டுப் போவார்கள். வாயை மூடிக்கொண்டு இருக்க இவ்வளவு தூரம் பறந்து வரணுமா என்று நான் கேட்பேன். அது அவர்கள் பாடு.

அந்த விடுதிக் குசினியில் பாத்திரம் கழுவுகிறவள் என் அக்கா. நான் டவுனுக்குப் படிக்கப் போனதும், அவள் கொழுந்து எடுக்க மலைக்குப் போனதும் ஒரே வருஷம். இப்போது அவளுக்கு முழங்கால் போய்விட்டது. சரிவில் நாலு எட்டு வைத்தால் கால் மடங்கிவிடும். மலைக்குப் போக முடியாதவளுக்குத் தோட்டத்தில் வேறு என்ன வேலை இருக்கிறது? விடுதியில் கெஷுவலாக, நாள் கூலிக்கு எடுத்தார்கள். ஆறு மாசம் ஒழுங்காக வந்தால் நிரந்தரம் ஆக்கிக் கடிதம் தருவோம் என்றார்கள். ஆறு மாசம் முடிகிற நேரத்தில்தான் இதெல்லாம் நடந்தது. “அந்தக் கடுதாசி மட்டும் வந்துட்டா போதும், வேற ஒண்ணும் எனக்கு வேணாம்” என்று அவள் என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்!

விடுதிக்கு ஒரு ஸ்பானியக் கிழவர் வந்தார். தத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு பேருக்கு ஆன்மாவைப் பற்றி வகுப்பு எடுக்க வந்தவர். அவருக்கு ஆங்கிலம் சாப்பாடு கேட்கிற அளவுக்குத்தான் வரும். வகுப்பில் இருந்தவர்களோ பாதிப் பேர் ஜெர்மன்காரர்கள், மிச்சம் பல நாட்டுக்காரர்கள். எல்லோருக்கும் பொது ஆங்கிலம்தான். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். கிழவர் ஸ்பானிஷில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். வகுப்புக்கெல்லாம் தலைப்பாக ஒரு வசனம் வைத்திருந்தார். அவருடைய சொந்த வசனம். அதை ஆங்கிலத்தில் அட்டையாக அடித்துக் கடைசி நாளில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று, ஒரு கிழமை முன்னதாகவே என்னிடம் தந்தார்கள்.

எல் அல்மா நோ ஸே லாவா, ஸே ஃப்ரியேகா கொன் ஸெனிஸா.

ஆன்மாவைக் கழுவ முடியாது, சாம்பல் போட்டுத் தேய்க்கத்தான் வேண்டும். அவ்வளவுதான் வசனம். பூசி மெழுகாத வசனம். நீங்கள் அழுக்கைத் தண்ணீரில் அலசிவிட்டு வந்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள், அது நடக்காது, சொரசொரப்பான ஒன்றைப் போட்டுக் கை வலிக்கத் தேய்த்தால்தான் உண்டு என்று சொல்கிறார். பாத்திரம் தேய்க்கிற வேலைக்கு ஸ்பானிஷில் என்ன சொல்வார்களோ அதே சொல்லைத்தான் ஆன்மாவுக்கும் போட்டிருந்தார். படித்ததும் எனக்கு அந்தக் கிழவரைப் பிடித்துவிட்டது.

இதற்கு ஆங்கிலம் பிடிப்பது லேசு என்று நினைத்தேன். எங்கே! ‘ப்யூரிஃபை’ என்று போட்டால் தண்ணீர் ஃபில்டர் விளம்பரம். ‘க்ளென்ஸ்’ என்று போட்டால் முகத்துக்குப் பூசுகிற கிரீம். ‘ஸ்க்ரப்’ சரியாக வந்தது. ஆனால் அந்த விடுதியிலேயே உப்பையும் கோப்பித் தூளையும் முதுகில் தேய்த்துவிடுகிற ஒரு சிகிச்சைக்கு அதே பெயரைப் போட்டு வைத்திருந்தார்கள். கண்டியிலிருந்து பஸ் ஏறும்போது எடுத்த நோட்டுக் கொப்பி, பல்லேகல மைதானம் தாண்டி, தெல்தெனிய தாண்டி, ஹுன்னஸ்கிரிய வளைவுகளில் குலுங்குகிற வரைக்கும் என் மடியில் இருக்கும். எழுதுவேன், வெட்டுவேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, “பரீட்சையா மகள்?” என்று கேட்டார். எனக்கு நாற்பத்திரண்டு வயது.

கடைசியில் நேராகவே எழுதினேன். கழுவப்படுவதில்லை, சாம்பலால் தேய்க்கப்படுகிறது. கிழவரிடம் காட்டினேன். அந்தச் சாம்பல் எந்தச் சாம்பல் என்று உறுதிப்படுத்த வேண்டுமே என்று கேட்டும் வைத்தேன். அவர் சிரித்தார். அவருடைய அம்மா கிராமத்தில் ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து, அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுச் சட்டி தேய்ப்பாராம். சட்டி பளபளக்கும், அம்மாவின் கை வெடித்துப் போய் இருக்கும். அந்தக் கையை நினைத்து எழுதினேன் என்றார்.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “எங்கள் லயத்திலும் அப்படித்தான். சாம்பலும் தேங்காய்த் தும்பும். இங்கே குசினியில் இருக்கிற என் அக்கா வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் தேய்க்கிறாள்” என்று சொன்னேன். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார். பின்னால் நின்றுகொண்டிருந்த மேனேஜரின் கண் கலங்கவில்லை. அது பளிச்சென்று விரிந்தது. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயது இருக்கும். கண்டி டவுனில் கடை வைத்திருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற வீடு. நெற்றியில் திருநீறு வைத்துப் பள்ளிக்கூடம் போன பிள்ளைதான் அவனும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவன் செய்ததைத் தெரியாமல் செய்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவனுக்கு எல்லாம் தெரியும்.

மறுநாள் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டான்.

“மிஸ், கடைசி நாள் ஒரு நிகழ்ச்சி வைக்கிறோம். உங்க அக்கா சாரி கட்டிக்கிட்டு பித்தளைக் குடத்த சாம்பல் போட்டுத் தேய்ப்பாங்க. பேராசிரியர் பேசுவார். பிறகு கெஸ்ட் எல்லாரும் ஆளுக்கு ஒரு சின்னச் செம்பு தேய்ப்பாங்க. எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அக்காகிட்டக் கேக்கணும்.”

“அதெல்லாம் கேட்டாச்சு. அவங்களுக்கு ஓகே. இப்ப இந்த அட்டைய கொஞ்சம் பாருங்க. சாம்பல்னு மொட்டையா இருக்கு. சுடுகாடு மாதிரி இருக்கு மிஸ். முன்னால ‘மென்மையா’ன்னு ஒரு சொல் போடுங்களேன்.”

மென்மையாகத் தேய்க்கிறதாம்! அவன் வீட்டில் யாராவது அடிப்பிடித்த சட்டியை மென்மையாகத் தேய்த்திருக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தான். அவன் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. எதிரே இருக்கிறவர் சொல்வதைக் காதில் வாங்கவில்லை என்பதற்குத்தான் அவன் சிரிப்பான்.

“சரி, அது வேணாம். வேற ஏதாவது போட்டுத் தாங்க. ஒரு உயர்வா தெரியிற மாதிரி.” பிறகு, மேசையில் இருந்த ஃபைலைத் தட்டிக்கொண்டு, “ஆ, சொல்ல மறந்துட்டேன். அக்காவோட கடிதம் இந்தக் கிழமை கையெழுத்துக்குப் போகுது” என்றான்.

மிரட்டினான் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு சொல்லும் அவன் வாயிலிருந்து வரவில்லை. ஆனாலும் எனக்கு விளங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, அட்டையை வாங்கி, சாம்பலுக்கு முன்னால் ‘சேக்ரட்’ என்று எழுதினேன். புனிதமான சாம்பல்.

அக்காவுக்காகத்தான் எழுதினேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பாதிப் பொய். எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தபோது அது காதுக்கு நன்றாக இருந்தது. இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கிழவரின் வசனத்துக்கு நான் ஒரு பொட்டு வைத்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு பெருமை. கிழவரிடம் அதைக் காட்டவும் இல்லை. ஒரு சொல்தானே என்று விட்டுவிட்டேன். சீ!

அடுத்த இரண்டு நாள் விடுதியில் மௌனம்தான், வகுப்பு இல்லை; எனக்கு வேறு வேலை. கண்டிக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தை ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். விடுதிப் பக்கம் போகவில்லை. கடைசி நாள் நிகழ்ச்சிக்குத்தான் காலை பஸ் பிடித்துப் போனேன்.

குசினிக்குப் பின்னால் இருக்கிற பைப்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். புதுச் சாரி, விடுதிக்காரர்கள் கொடுத்தது. தலையில் பூ. எல்லாம் சரி, நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. என் அக்கா முகம் கழுவினதும் தேத்தண்ணீருக்கு முன்னால் திருநீறு வைக்கிறவள். காய்ச்சலில் கிடந்தாலும் கையை நீட்டி அந்த டின்னைக் கேட்பாள். நான் அவளை அப்படி வெறும் நெற்றியோடு பார்த்ததே இல்லை.

“என்னாக்கா, நெத்தி மொட்டையா இருக்கு?”

அவள் பைப்பை மூடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நேத்து போட்டோ எடுத்தாங்க. குடம் தேச்சுக் காட்டச் சொன்னாங்க.”

“சரி, தேச்சியா?”

“தேச்சேன். திருநீறு போட்டு.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. என்னது என்று கேட்டேன். அவள் திருப்பிச் சொன்னாள். முந்தின நாள் மேனேஜர் டவுனிலிருந்து இரண்டு பெரிய பாக்கெட் திருநீறு வாங்கி வந்து, வெள்ளித் தட்டில் கொட்டி, குடத்தையும் முன்னால் வைத்து, இதைப் போட்டுத் தேயுங்கள் என்றிருக்கிறான். விடுதியில் சமையல் கேஸில்தான். சாம்பலுக்கு எங்கே போவது? அக்கா வீட்டு அடுப்புச் சாம்பல் கறுப்பும் கரியுமாக இருக்கும், போட்டோவுக்கு எடுக்காது, கெஸ்ட்டின் வெள்ளை உடுப்பில் பட்டால் போகாது. இது வெள்ளையாக, பட்டு மாதிரி இருக்கிறது என்பது அவன் கணக்கு.

“நான் மாட்டேன்னேன். இது சாமி காரியத்துக்கு வைக்கிறது, இத எப்படிங்க பாத்திரம் தேய்க்கப் போடுறதுன்னு கேட்டேன். அப்ப அந்த அட்டைய எடுத்துக் காட்டுனான். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியுமா? அவனே சொன்னான். ‘இதுல புனிதமான சாம்பல்னு இருக்கு. உங்க தங்கச்சிதான் எழுதிக் குடுத்தது. படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதா?’ன்னான்.”

“அதுக்காக நீ தேச்சுட்டியா?”

“நீ எழுதினதுன்னு சொன்னான்ல. நீ எழுதினா ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்.” மூடின பைப்பை மறுபடி இறுக்கினாள். “கடுதாசியையும் நெனச்சேன். இல்லன்னு சொல்லல.”

எங்கள் வீட்டில் திருநீறு கீழே சிந்திவிட்டால் கால் படாமல் சுற்றிப் போவோம். ஈரத் துணியால் ஒற்றி எடுத்துச் செடி மூட்டில் போடுவோம். கையில் ஒட்டின மிச்சத்தைக்கூட உதறமாட்டோம், கழுத்தில் தடவிக்கொள்வோம். அப்படி வளர்ந்தவள், அதை அள்ளிக் குடத்தில் போட்டுத் தேய்த்துச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறாள். நான் ஒரு சொல்லை அழகுக்குப் போட்டதால். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

“உனக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?” என்று கேட்டேன். அதுவரை அவனை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசி வந்தேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

“ஏன் மிஸ் சத்தம் போடுறீங்க? கெஸ்ட் இருக்காங்க.”

“உங்க வீட்டுல உங்க அம்மா திருநீறு போட்டுத்தான் பாத்திரம் கழுவுறாங்களா?”

“சாம்பல் சாம்பல்தானே மிஸ். எரிச்சதுதானே ரெண்டும். நீங்க எழுதினதத்தான் நான் செஞ்சேன். புனிதம்னு போட்டது நானா?” அதே சிரிப்பு. “நேத்துத் தேச்சாங்களே, ஒண்ணும் ஆகலயே.”

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். கை எழும்பவில்லை. அவன் கேட்டது சரிதான். புனிதம் என்று போட்டது நான்தான்; திருநீற்றுக்கு ஆங்கிலத்தில் ‘சேக்ரட் ஆஷ்’ என்றுதான் பெயர். அவன் அந்தச் சொல்லை எடுத்து அதன் வழியே நடந்து போயிருக்கிறான், அவ்வளவுதான். தெரிந்தே நடந்தான், அது அவன் பாவம். ஆனால் வழியைத் திறந்து விட்டவள் நான்.

“அட்டைய மாத்து. தட்ட எடு.”

“அடிச்சாச்சு மிஸ். எல்லார் கையிலயும் குடுத்தாச்சு. இன்னும் பத்து நிமிஷத்துல தொடங்குது. அக்கா உக்காரலன்னா எனக்கு ஒண்ணும் இல்ல, அவங்க இஷ்டம். ஆனா அந்தக் கடிதத்துக்கு நான் பொறுப்பு இல்ல.”

வெளி விறாந்தையில் பன்னிரண்டு பேர் வெள்ளை உடுப்போடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பித்தளைக் குடம், வெள்ளித் தட்டில் மலை மாதிரி திருநீறு. அக்கா வந்து குடத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்காமல், ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். மேனேஜர் தூணோரமாக நின்று அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், ஆரம்பி என்று. அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழவர் எழுந்து, கண்ணை மூடி, வசனத்தை ஸ்பானிஷில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய முறை.

நான் சொன்னேன். “உங்கள் கையில் இருக்கிற அட்டையில் ஒரு சொல் பொய். அது இவருடைய சொல் இல்லை. நான் சேர்த்தது. இவர் சொன்னது வெறும் சாம்பல். அடுப்புச் சாம்பல். சட்டி தேய்க்கிற சாம்பல். புனிதம் என்று நான் அழகுக்குப் போட்டேன். அதைக் காரணம் காட்டி, எங்கள் ஆட்கள் நெற்றியில் வைக்கிற திருநீற்றைக் கொண்டுவந்து இந்தத் தட்டில் கொட்டியிருக்கிறார்கள். இதைப் போட்டு இந்தப் பெண் இந்தக் குடத்தைத் தேய்க்க வேண்டுமாம். இவர் என் அக்கா.”

பிறகு கிழவருக்கு ஸ்பானிஷில் சொன்னேன். அவர் வசனத்தில் கை வைத்ததையும் சொன்னேன், நேற்று நடந்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது. “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். கேட்டிருக்கலாம். ஆபீஸ் அறைக்கு எட்டு அடி தூரத்தில்தான் அவர் அறை.

கிழவர் மெதுவாகக் கீழே குந்தி அக்காவுக்கு நேரே உட்கார்ந்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“இவர ஏன் மன்னிப்புக் கேக்க விடுற? இவரா எழுதுனாரு?”

இதை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று அவர் இரண்டு தரம் கேட்டார்.

அக்கா எழுந்து, தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. பன்னிரண்டு பேரில் சிலர் அட்டையைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்கள். ஒரு ஜெர்மன் பெண் அழுதாள். எதற்கு அழுதாளோ! எனக்கு அந்த அழுகையைப் பார்க்கவும் எரிச்சல்தான் வந்தது.

அக்காவின் கடிதம் பதினைந்து நாளில் வந்துவிட்டது. நியாயத்துக்குப் பயந்து யாரும் அதைத் தரவில்லை. போன பன்னிரண்டு பேரும் இணையத்தில் என்ன எழுதிப் போடுவார்களோ என்ற பயத்தில் கொழும்பு முதலாளி கையெழுத்துப் போட்டார். மேனேஜர் அங்கேதான் இருக்கிறான். என்னைக் கண்டால் இப்போதும் சிரிக்கிறான். என்னை அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் போகமாட்டேன்.

ஆனால் அக்கா என்னோடு பேசவில்லை. போன் எடுத்தால் ‘ம்’ என்பாள், ‘சரி’ என்பாள், வைத்துவிடுவாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டுவதில் கெட்டிக்காரி. பக்கத்து லயத்துக்குக் கேட்கும் அவள் குரல். எனக்கு மட்டும் அந்த ‘ம்’தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அவளுக்கு அன்றைக்கு லீவு. அடுப்படியில் உட்கார்ந்து, சாம்பலும் தும்புமாகச் சோத்துப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. நெற்றி வெறுமையாகவே இருந்தது. சாமி படம் வைத்த தட்டில் திருநீற்று டின் மூடி இறுகிக் கிடந்தது, மேலே தூசி.

“இன்னுமா வைக்காம இருக்க?” என்று கேட்டேன்.

“இந்தக் கையாலயா?” சாம்பல் கையை என் முன்னால் விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. “இந்தக் கையால அத அள்ளிக் குடத்துல போட்டேன். இதே கையால எடுத்து நெத்தியில வைக்கவா?”

“கோயில்ல கேட்டியா? ஐயா என்ன சொன்னாரு?”

“தலைக்குக் குளிச்சிட்டு வா, போயிரும்னாரு. குளிச்சேன். மூணு வெள்ளிக்கிழமை குளிச்சேன்.” பானையைக் கவிழ்த்து வைத்தாள். “தண்ணியில போறதா இருந்தா இந்நேரம் போயிருக்காதா? நான் ஏன் ஒன்கூடப் பேசாம கெடக்குறேன்?”

ஒரு கிழமை பஸ்ஸில் கொப்பியை வைத்துக்கொண்டு நான் எழுதி எழுதி வெட்டினது இதைத்தான். கிழவரின் வசனத்துக்கு அர்த்தம் என்னவென்று அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளிடம் அதை யாரும் சொன்னதில்லை.

“நான் தப்புப் பண்ணிட்டேன்க்கா” என்றேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். முடியவில்லை. “அழகா இருக்கும்னு போட்டேன். ஒன் கடுதாசிக்காகன்னு சொல்லிக்கிட்டேன். அது மட்டும் இல்ல. எனக்கு அது கேக்க நல்லா இருந்துச்சு. அதான் போட்டேன்.”

அவள் தும்பை ஓரமாக வைத்தாள். கையைக் கழுவினாள், சாரித் தலைப்பில் துடைத்தாள். எழுந்து போய் அந்த டின்னை எடுத்து வந்து, மூடியை இழுத்துத் திறந்து, என் முன்னால் நீட்டினாள்.

“எந்தக் கையால எழுதுன?”

வலது கையைக் காட்டினேன்.

“அந்தக் கையாலயே வச்சு விடு.”

மூன்று விரலில் தொட்டு எடுத்தேன். விரல் நுனியால் லேசாகத் தடவினேன், அவள் மூக்கு மேலும் கன்னத்து மேலும் சிந்தியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“பட்டும் படாம தடவாத,” என்றாள். “நல்லா அழுத்தித் தேய்டி.”